பிடிபட்ட வாகனமும் உரிமையாளரின் நீண்ட காத்திருப்பும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ9 நெடுஞ்சாலை மாத்தளை நகரைக் கடந்து வடக்கே செல்லும்போது பலாபத்வல என்ற சிறு நகரை ஊடறுத்துச் செல்கின்றது. மடிப்பொல, வகாகோட்டை ஊடாகக் கலேவெல செல்லும் வீதியும் இங்கிருந்தே பிரிகின்றது. தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து மலையகத்துக்குச் செல்லும் மரக்கறி லொறிகளும், மிளகு, கராம்பு, சாதிக்காய் ஏற்றிய சிறு வாகனங்களும், மணலும் மரமும் ஏற்றிய டிப்பர்களும் இரவு பகலாகக் கடந்து செல்லும் பாதை இது. சிங்கள, தமிழ், முஸ்லிம் மக்கள் அருகருகே வாழும் இப்பிரதேசத்தில் ஒரு லொறியோ, ஒரு வேனோ, ஒரு முச்சக்கரவண்டியோ ஒரு குடும்பத்தின் முழு மூலதனமாக அமைந்து விடுவதுண்டு. தோட்டத்தை விட்டு வெளியேறிய இளைஞனுக்கு அது கிடைத்த முதல் சொந்தத் தொழில். சிறு வியாபாரிக்கு அதுவே கடை, அதுவே களஞ்சியம்.

இத்தகைய வாகனம் ஒன்று பொலிஸாரினால் அல்லது வன இலாகா அதிகாரிகளினால் கைப்பற்றப்படும்போது என்ன நிகழ்கின்றது? அதனை மீட்பதற்கு உரிமையாளர் எத்தனை படிகளைக் கடக்க வேண்டும்? அதற்கு அவர் செலுத்தும் விலை என்ன? இவை பற்றி எமது சமூகங்களில் போதிய தெளிவு கிடையாது என்றே கூற வேண்டும். வாகனம் பிடிபட்ட பின்னர் சட்டத்தரணியின் வாசலில் நிற்கும்போதுதான் பெரும்பாலானோர் சட்டத்தின் முகத்தை முதன்முதலாகப் பார்க்கின்றனர். அதற்குள் காரியம் பாதி கெட்டு விடுகின்றது.

முதலில் ஓர் அடிப்படையான விடயத்தைக் குறிப்பிட வேண்டும். பொலிஸார் ஒரு வாகனத்தைக் கைப்பற்றினால் அதனைத் தம் விருப்பப்படி வைத்திருக்கவும் முடியாது. தம் விருப்பப்படி விடுவிக்கவும் முடியாது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின் 431ஆம் பிரிவு, சந்தேகத்தின் பேரில் கைப்பற்றப்பட்ட பொருள் குறித்து உடனடியாக நீதிவானுக்கு அறிக்கையிடப்பட வேண்டும் என்று கூறுகின்றது. அப்பொருளின் உடைமைக்கு உரித்துடையவர் யாரோ அவரிடம் அதனைக் கையளிப்பது தொடர்பில் நீதிவான் தாமதமின்றிக் கட்டளை பிறப்பிக்க வேண்டும் என்பதும் அப்பிரிவின் ஏற்பாடாகும். எனவே பொலிஸ் நிலைய முற்றத்தில் நிற்கும் வாகனம் உண்மையில் நீதிமன்றத்தின் பொறுப்பில் உள்ள வாகனமாகும். பொலிஸ் பொறுப்பதிகாரியைத் தெரிந்தவர் யார், பிரதேச சபை உறுப்பினரைக் கொண்டு பேசுவிக்கலாமா என்று ஓடித் திரிவதில் முதல் இரண்டு நாட்களைச் செலவிடுவோர் இந்தச் சாதாரண உண்மையை அறியாதவர்களே.

'உடனடியாக', 'தாமதமின்றி' என்ற சொற்கள் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. நடைமுறையில் அவற்றுக்கு இடையே நுழையும் காரியங்கள் பலவாகும். பொலிஸார் நீதிமன்றத்தில் 'பீ' அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும். உரிமையாளர் சட்டத்தரணி ஊடாக நகர்த்தல் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். பதிவுச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை ஆகியன முன்வைக்கப்பட வேண்டும். விபத்து வழக்காயின் மோட்டார் வாகனப் பரிசோதகர் வந்து பார்வையிட்டு அறிக்கை வழங்கும் வரை காத்திருக்க வேண்டும். இயந்திர இலக்கம், அடிச்சட்ட இலக்கம் ஆகியவற்றில் சந்தேகம் எழுந்தால் அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வரும் வரை வழக்கு ஒரு தவணையிலிருந்து மறு தவணைக்குச் செல்லும். பொலிஸாரிடம் ஆட்சேபனை உண்டா என்று நீதிவான் வினவுவார். சம்பந்தப்பட்ட உத்தியோகத்தர் அன்று வேறு கடமைக்குச் சென்றிருந்தால் அதுவும் ஒரு தவணை.

இறுதியில் விடுவிப்புக் கட்டளை கிடைக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் பிணைமுறியின் பேரிலான தற்காலிக விடுவிப்பேயாகும். வாகனத்தை விற்கக் கூடாது, ஈடு வைக்கக் கூடாது, நிறத்தையோ பாகங்களையோ மாற்றக் கூடாது, அழைக்கும்போது நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்த வேண்டும் என்பன வழக்கமான நிபந்தனைகளாகும். பிணையாளர் தேவைப்படின் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழும் தேவை. பிணைமுறியில் கையொப்பமிட்டு, பதிவாளரின் கடிதத்தைப் பெற்று, அதனைப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்த பின்னரே சாவி கைக்கு வரும். நிபந்தனையை மீறினால் பிணைமுறியில் குறிப்பிட்ட தொகையைச் செலுத்த வேண்டி வரும் என்பதை மறந்து, விடுவிக்கப்பட்ட மறுவாரமே வாகனத்தை விற்று விட்டுத் திண்டாடுவோரும் உளர்.

செலவைப் பற்றிப் பேசும்போது எமது மக்கள் சட்டத்தரணி கட்டணத்தையும் தண்டப்பணத்தையும் மாத்திரமே கணக்கிடுகின்றனர். அவை கணக்கின் சிறு பகுதி மட்டுமே. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். லீசிங் அடிப்படையில் பெற்ற ஒரு சிறு லொறிக்கு மாதத் தவணை 45,000 ரூபா என்றும், ஓடும் நாளொன்றுக்கு எரிபொருளும் சாரதி சம்பளமும் போக 5,000 ரூபா மிஞ்சுகின்றது என்றும், மாதத்தில் 20 நாட்கள் ஓடுகின்றது என்றும் கொள்வோம். மூன்று மாதங்கள் அது பொலிஸ் முற்றத்தில் நின்றால் இழக்கப்படும் வருமானம் 300,000 ரூபா. அம்மூன்று மாதங்களுக்கான தவணை 135,000 ரூபா. இரண்டையும் கூட்டக் கூடாது, உண்மைதான். தவணை அந்த வருமானத்திலிருந்தே செலுத்தப்பட்டிருக்கும். ஆனால் வருமானம் நின்ற பின்னரும் தவணை நிற்பதில்லை. எனவே அந்த 135,000 ரூபாவை மனைவியின் நகையை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ கட்ட வேண்டியுள்ளது. அந்த வட்டி மேலதிகச் செலவு. இதனோடு வெயிலிலும் மழையிலும் நின்ற வாகனத்தின் பற்றரி செயலிழப்பதும், ரயர்கள் வெடிப்பதும், பிரேக் பாகங்கள் துருப்பிடிப்பதும் சேர்ந்து கொள்கின்றன. வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் அக்காலத்துக்குள் காலாவதியானால் அவற்றைப் புதுப்பிக்காமல் வாகனத்தை வீதியில் இறக்க முடியாது. மீட்கப்பட்ட வாகனத்தை வேறொரு வாகனத்தில் கட்டி இழுத்துச் செல்லும் காட்சி எமது நகரங்களில் புதியதன்று.

இங்கே ஒரு நடைமுறை யோசனையைக் கூறி வைப்பது பொருத்தமாகும். வாகனம் கைப்பற்றப்படும் வேளையில் அதில் என்னென்ன இருந்தன என்பதை, அதாவது மேலதிகச் சில்லு, பற்றரி, ஜக், வானொலி, மீற்றரில் காட்டும் கிலோமீற்றர் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொலிஸ் குறிப்பில் பதியுமாறு சாரதி கேட்க வேண்டும். கையடக்கத் தொலைபேசியால் நான்கு புறமும் படம் எடுத்து வைத்துக்கொள்வது இன்று எவராலும் இயலக் கூடிய காரியம். பின்னர் எது காணாமற் போனாலும், 'அப்படி ஒன்று இருக்கவில்லை' என்ற பதிலுக்கு எதிராகக் காட்டுவதற்கு அதுவொன்றே உண்டு.

இதுவரை கூறியது வழக்கு முடியும் வரை வாகனத்தைத் தற்காலிகமாகப் பெற்றுக்கொள்வது பற்றியதாகும். அதனிலும் பாரிய ஆபத்து வேறிடத்தில் உள்ளது. சில குற்றங்களில் வாகனமே நிரந்தரமாக அரசுடைமையாகி விடுகின்றது. மாத்தளை மாவட்டத்தைப் பொறுத்தவரை மரம், மணல், மாடு ஆகிய மூன்றுமே இதில் முக்கியமானவை.

மரத்தை எடுத்துக்கொள்வோம். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகிய மரங்களைத் தன் சொந்தத் தோட்டத்தில் நின்றாலும் அனுமதியின்றித் தறிக்க முடியாது என்பது 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் ஏற்பாடாகும். தறித்த மரத்தை ஏற்றிச் செல்வதற்கும் அனுமதிப்பத்திரம் தேவை. வீட்டுக்குக் கதவு நிலை செய்வதற்காகத் தன் வளவில் நின்ற பலா மரத்தைத் தறித்து ஆலைக்கு அனுப்பும் ஒருவர், அதனைக் குற்றமாக நினைப்பதே இல்லை. ஆனால் அந்த மரத்தை ஏற்றிய லொறி வன கட்டளைச் சட்டத்தின் 40ஆம் பிரிவுக்குள் வந்து விழுகின்றது. அப்பிரிவின்படி குற்றவாளியாகக் காணப்பட்டவருக்கு விதிக்கப்படும் தண்டனைக்கு மேலதிகமாக, குற்றத்துக்குப் பயன்படுத்தப்பட்ட வாகனமும் பறிமுதல் செய்யப்படலாம். நக்கிள்ஸ் மலைத்தொடரை அண்டிய இம்மாவட்டத்தில் வனத்தைக் காக்கும் தேவையை யாரும் மறுக்க முடியாது. கள்ள மர வியாபாரம் ஆறுகளின் ஊற்றையே வற்றச் செய்கின்ற ஒன்று. கடுமையான சட்டம் தேவைதான். அந்தக் கடுமை யார் தலையில் இறங்குகின்றது என்பதே கேள்வி.

இவ்விடயத்தில் இலங்கையின் சட்ட வரலாறு கவனத்துக்குரியது. 1982ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், குற்றத் தீர்ப்பு வழங்கப்பட்டதும் வாகனம் பறிமுதலாகும் என்ற வகையில் வாசகங்களைக் கொண்டிருந்தது. சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டால் போதும். வீட்டில் உறங்கிக் கொண்டிருந்த உரிமையாளர் லொறியை இழப்பார். 1987இல் மானவடு எதிர் சட்டமா அதிபர் என்ற வழக்கில் அப்போதைய பிரதம நீதியரசர் சர்வானந்தா இவ்வாசகத்தை அவ்வாறு இயந்திரத்தனமாக வாசிக்க முடியாதென்று தீர்ப்பளித்தார். உரிமையாளரின் அறிவும் பங்களிப்பும் இன்றி நிகழ்ந்த குற்றத்துக்காக அவருடைய உடைமையைப் பறிப்பது சட்டவாக்க சபையின் நோக்கமாக இருக்க முடியாது; 'பறிமுதலாகும்' என்பதைப் 'பறிமுதலுக்கு உட்படக் கூடியது' என்றே பொருள் கொள்ள வேண்டும்; உரிமையாளருக்குத் தன் பக்க நியாயத்தைக் கூறும் சந்தர்ப்பம் வழங்கப்பட வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரமாகும். இன்று நீதிவான் நீதிமன்றங்களில் 'வாகன விசாரணை' என்ற பெயரில் தனியாக நடைபெறும் விசாரணைக்கு இத்தீர்ப்பு வலுவான அடித்தளமாகும்.

ஆயினும் 2009ஆம் ஆண்டின் 65ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நிலைமையை மீண்டும் இறுக்கியது. உரிமையாளர் மூன்றாம் தரப்பினராயின், தன் வாகனம் அத்தகைய குற்றத்துக்குப் பயன்படுத்தப்படுவதைத் தடுப்பதற்கு எல்லா முன்னெச்சரிக்கைகளையும் தாம் எடுத்திருந்ததாக நீதிமன்றம் திருப்தியுறும் வகையில் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் சுமை அவருடையது. 'எனக்குத் தெரியாது' என்று கூறுவது மாத்திரம் போதாது. 'கள்ள மரம் ஏற்றாதே என்று சாரதிக்குச் சொல்லியிருந்தேன்' என்பதும் போதாதென்று எமது மேல்நிலை நீதிமன்றங்கள் பல தீர்ப்புகளில் கூறியுள்ளன. சொன்னது உண்மையாகவே சொல்லப்பட்டதா, சொன்னதை நடைமுறைப்படுத்துவதற்கு உரிமையாளர் என்ன செய்தார் என்பன ஆராயப்படுகின்றன.

மாடுகளை ஏற்றிச் செல்வது தொடர்பான சட்டம் இதிலிருந்து சற்று வேறுபடுகின்றது என்பதை எமது முஸ்லிம் வாசகர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ஹஜ் பெருநாளை அண்மித்த நாட்களில் ஏ9 பாதையில் கால்நடை ஏற்றிய லொறிகள் மறிக்கப்படுவது ஆண்டுதோறும் கேட்கும் செய்தியாகும். 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தின் 3அ பிரிவின்படியும் அனுமதிப்பத்திரமின்றி மாடு ஏற்றிய வாகனம் பறிமுதலுக்கு உட்படும். ஆனால் கலென்பிந்துனுவெவ பொலிஸ் பொறுப்பதிகாரி தொடர்புபட்ட 1992ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முக்கிய விளக்கத்தை அளித்தது. உரிமையாளர் இரண்டில் ஒன்றை நிறுவினால் போதும்: ஒன்று, குற்றத்தைத் தடுக்க எல்லா முன்னெச்சரிக்கைகளையும் எடுத்திருந்தார் என்பது, மற்றையது, வாகனம் அவருடைய அறிவின்றிப் பயன்படுத்தப்பட்டது என்பது. மரத்தில் அறியாமை காப்பாற்றாது. மாட்டில் அறியாமை காப்பாற்றக் கூடும். ஒரே லொறி, ஒரே சாரதி, ஒரே பாதை. ஏற்றிய பொருளைப் பொறுத்து உரிமையாளரின் தலைவிதி மாறுகின்றது. இந்த வேறுபாட்டுக்கு நியாயமான விளக்கம் ஒன்றை எம்மால் காண முடியவில்லை.

மணல் விடயம் மேலும் குழப்பமானது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் மற்றும் கனிப்பொருட்கள் சட்டத்தின் கீழ் மணல் போக்குவரத்துக்கு அனுமதிப்பத்திரம் பெற வேண்டியிருந்தது. 2019 டிசம்பரில் அப்போதைய அரசாங்கம் அத்தேவையை நீக்குவதாக அறிவித்தது. 2020இல் உயர் நீதிமன்றம் தலையிட்டு அத்தீர்மானத்தை இடைநிறுத்தியது. இடைப்பட்ட மாதங்களில் எது சட்டபூர்வம், எது சட்டவிரோதம் என்பது டிப்பர் ஓட்டிய சாரதிக்கு மாத்திரமன்றி வீதியில் நின்ற பொலிஸாருக்கும் தெளிவாக இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

இனி எமது மக்களின் பக்கத்துக் குறைபாடுகளுக்கு வருவோம். முதலாவது, பெயர் மாற்றப்படாத வாகனங்கள். 'ஓபன் பேப்பர்' என்று வழங்கப்படும் முறையில், முன்னைய உரிமையாளரின் கையொப்பம் இடப்பட்ட வெற்றுப் படிவங்களுடன் ஒரு வாகனம் மூன்று, நான்கு கைகள் மாறி விடுகின்றது. மோட்டார் வாகனச் சட்டம் கைமாற்றத்தைக் குறுகிய காலத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று பணிக்கின்றது. கட்டணத்தையும் அலைச்சலையும் மிச்சப்படுத்துவதற்காக அது தவிர்க்கப்படுகின்றது. வாகனம் ஓடும் வரை எந்தத் தொல்லையும் இல்லை. பிடிபட்ட மறுகணம், பணம் கொடுத்து வாங்கியவர் நீதிமன்றத்தில் யாருமற்றவராகி விடுகின்றார். பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவர் குருநாகலிலோ கம்பளையிலோ இருப்பார்; வெளிநாடு சென்றிருப்பார்; சில வேளை உயிருடனேயே இருக்க மாட்டார். அவர் வந்து சத்தியக் கடதாசி வழங்கினால்தான் காரியம் நகரும். அதற்கு அவர் கேட்கும் தொகையும் மீட்புச் செலவில் சேரும்.

இரண்டாவது, வாகனத்தை யாரிடம் ஒப்படைக்கின்றோம் என்ற அலட்சியம். மைத்துனரின் மகன், சின்னாப்பாவின் மகன் என்று உறவின் பேரில் சாவி கைமாறுகின்றது. எழுத்தில் ஒன்றும் இராது. ஓட்டப் பதிவேடு இராது. சாரதியுடன் ஒப்பந்தம் இராது. எங்கே செல்கின்றது, எதை ஏற்றுகின்றது என்று விசாரித்ததற்குச் சாட்சியமும் இராது. வாகன விசாரணையில் உரிமையாளர் கூண்டில் ஏறி, 'அவன் எங்கள் பிள்ளை, நம்பினேன்' என்கின்றார். குடும்பத்தில் அது நல்ல பதில். 40ஆம் பிரிவின் முன்னால் அது பதிலே அன்று. 1,000 ரூபாவுக்கும் குறைந்த விலையில் ஒரு கொப்பி வாங்கி ஒவ்வொரு பயணத்தையும் பதிவு செய்து, சாரதியிடம் வாரந்தோறும் கையொப்பம் பெற்று வைத்திருந்தால் வழக்கின் போக்கே மாறியிருக்கக் கூடும்.

மூன்றாவது, மொழி. மாத்தளை மாவட்டத்தில் பொலிஸ் குறிப்புகளும் நீதிமன்றப் பதிவுகளும் சிங்களத்திலேயே பேணப்படுகின்றன. தமிழ் மாத்திரம் வாசிக்கத் தெரிந்த ஒரு சாரதி, தன் வாக்குமூலம் என்ற பெயரில் எழுதப்பட்டதை வாசிக்க இயலாமலேயே கையொப்பமிடும் நிலை உள்ளது. பின்னர் வாகன விசாரணையில் அதே வாக்குமூலம் உரிமையாளருக்கு எதிராகத் திரும்புகின்றது. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தினால் அமைந்த அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, நீதிமன்ற மொழியை விளங்கிக்கொள்ள முடியாத தரப்பினருக்கு மொழிபெயர்ப்பைப் பெறும் உரித்தை வழங்குகின்றது. நிர்வாகத்துடனான தொடர்புகளில் தமிழைப் பயன்படுத்தும் உரித்தை 22ஆம் உறுப்புரை வழங்குகின்றது. உரித்து கேட்பவருக்கே கிடைக்கின்றது. கேட்டால் அதிகாரி கோபிப்பாரோ, வழக்கு நீண்டு விடுமோ என்ற அச்சம் கேட்க விடுவதில்லை. இந்த அச்சம் வெறும் கற்பனை என்று ஒதுக்கி விடவும் முடியாது. மாத்தளை போன்ற மாவட்டங்களின் பொலிஸ் நிலையங்களில் தமிழில் வாக்குமூலம் பதியக் கூடிய உத்தியோகத்தர் ஒருவர் எந்நேரமும் கடமையில் இருப்பதை உறுதி செய்யுமாறு எமது பாராளுமன்றப் பிரதிநிதிகள் வலியுறுத்த வேண்டும். மேடைகளில் பேசப்படும் பெரிய விடயங்களோடு ஒப்பிட்டால் இது சிறியது. ஆனால் இது ஒரு லொறியைக் காப்பாற்றும்.

ஏனைய நாடுகள் இந்தப் பிரச்சினையை எவ்வாறு கையாள்கின்றன என்பதையும் நோக்குவது பயனுள்ளது. இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், கைப்பற்றிய வாகனங்களைப் பொலிஸ் நிலையங்களில் நீண்டகாலம் வைத்திருப்பதில் எவ்விதப் பயனும் இல்லை என்று கூறி, உரிய பிணைமுறியும் உத்தரவாதமும் பெற்று அவற்றை விரைவாக விடுவிக்குமாறு நீதிவான்களைப் பணித்தது. அதற்குப் பின்னரும் தமிழ்நாட்டின் பொலிஸ் நிலைய வளவுகளில் மோட்டார் சைக்கிள்கள் குவியல் குவியலாகத் துருப்பிடிப்பதைக் கண்டோர் பலர். தீர்ப்பு மட்டும் போதாதென்று உணர்ந்தே, 2024 ஜூலை 1 முதல் அங்கு அமுலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு கால எல்லையை விதிக்கின்றது. கைப்பற்றப்பட்ட பொருள் பற்றிய விபரக் கூற்றை 14 நாட்களுக்குள் நீதிமன்றம் தயாரிக்க வேண்டும். புகைப்படம் அல்லது காணொளி எடுக்கப்பட வேண்டும். அதன் பின் 30 நாட்களுக்குள் பொருளை என்ன செய்வதென்று கட்டளையிட வேண்டும். வாகனத்துக்குப் பதிலாக அதன் படமே வழக்கில் சான்றாக அமையலாம் என்பதே இதிலுள்ள முக்கியமான மாற்றமாகும்.

பிரித்தானியாவில் வாழும் எமது உறவினர்கள் வேறொரு அனுபவத்தைக் கூறுவார்கள். அங்கு காப்புறுதியின்றி ஓடும் காரைப் பொலிஸார் 2005 முதல் வீதியிலேயே கைப்பற்றுகின்றனர். சாதாரண காரொன்றை எடுத்துச் சென்றதற்கு 192 பவுண், களஞ்சியப்படுத்துவதற்கு நாளொன்றுக்கு 26 பவுண் என்று 2023இல் திருத்தப்பட்ட கட்டணங்கள் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டுள்ளன. உரிய காலத்துக்குள் மீட்காவிடின் கார் நசுக்கப்படும் அல்லது விற்கப்படும். இது ஈவிரக்கமற்ற முறை என்பதில் ஐயமில்லை. பழைய காரொன்றின் பெறுமதியை இரண்டு வாரக் கட்டணமே விழுங்கி விடும். ஆயினும் மொத்தம் எவ்வளவு, எங்கே செலுத்துவது, எந்த ஆவணங்களுடன் செல்வது என்பது முதல் நாளிலேயே உரிமையாளருக்குத் தெரியும். எமது நாட்டிலோ கட்டணம் குறைவு. ஆனால் எப்போது முடியும் என்று எவராலும் கூற முடியாது. ஏழைக்கு எது கொடியது என்பது விவாதத்துக்குரியது. நாளாந்தம் உழைத்து வாழ்பவனுக்கு இரண்டாவதே கொடியது என்பது எமது கருத்தாகும்.

எமது நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை பன்மடங்கு உயர்ந்தது. ரூபாவின் வீழ்ச்சிக்குப் பின்னர் புதிய வாகனம் சாமானியனின் எட்டாக் கனியாகி விட்டது. இத்தகைய நாட்டில் ஓடக் கூடிய வாகனங்களை முற்றங்களில் உக்க விடுவது உரிமையாளருக்கு மட்டுமன்றி நாட்டுக்கும் நட்டமாகும். 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் ஆயிரக்கணக்கான வாகனங்கள் ஒரே சமயத்தில் கைப்பற்றப்பட்டபோது பொலிஸ் நிலைய முற்றங்களின் கொள்ளளவு எத்தகையது என்பது வெளிப்பட்டது. புகைப்படத்தையும் பரிசோதகர் அறிக்கையையும் பதிவு செய்து கொண்டு, குறிப்பிட்ட நாட்களுக்குள் வாகனத்தைப் பிணைமுறியில் விடுவிப்பதற்கான கால எல்லையை 431ஆம் பிரிவில் சேர்ப்பதற்குப் பெரும் நிதியோ புதிய நிறுவனங்களோ தேவையில்லை. நீதி அமைச்சு விரும்பினால் ஒரு சிறு திருத்தச் சட்டத்தினால் இதனைச் செய்ய முடியும். அத்துடன் வன கட்டளைச் சட்டத்திலும் விலங்குகள் சட்டத்திலும் உரிமையாளருக்கு உள்ள பாதுகாப்பை ஒரே அளவுக்குக் கொண்டு வருவது குறித்தும் சிந்திக்கப்பட வேண்டும்.

லீசிங் வாகனங்கள் பற்றி இறுதியாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. மேற்கூறிய எல்லாச் சிக்கல்களும் இவற்றில் இரட்டிப்பாகின்றன. லீசிங் வாகனத்தின் பதிவுச் சான்றிதழில் 'முழு உரிமையாளர்' என்று நிதிக் கம்பனியின் பெயரே பதியப்பட்டிருக்கும். 1990ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் சேர்க்கப்பட்ட 433அ பிரிவின்படி, கைப்பற்றப்பட்ட வாகனத்தின் உடைமைக்கு உரித்துடையவராக அந்தக் கம்பனியே கருதப்படும். தவணைகளில் பெரும்பகுதியைச் செலுத்தி முடித்தவர் கூட நீதிமன்றத்தில் இரண்டாம் இடத்தில் நிற்க நேரிடலாம். கம்பனியின் இணக்கக் கடிதம் இல்லாமல் அவருடைய விண்ணப்பம் நகர்வது கடினம். தவணை நிலுவை இருப்பின் அக்கடிதம் கிடைப்பதும் கடினம். வாகனம் நின்றதால் தவணை தவறுகின்றது. தவணை தவறியதால் வாகனம் நிற்கின்றது.

வாடகைக் கொள்வனவு முறையில் பெற்ற வாகனங்களுக்கு 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டம் ஓரளவு அரணாக இருந்தது. தொகையில் பெரும்பங்கு செலுத்தப்பட்ட பின் நீதிமன்றத்தை நாடாமல் வாகனத்தைத் திரும்ப எடுக்க முடியாத நிலை இருந்தது. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் வரும் இன்றைய லீசிங் ஒப்பந்தங்களில் வாடிக்கையாளருக்கு அதே அரண் இருப்பதாக எண்ணிக்கொள்வது தவறாகும். 'சீசர்' என்று அழைக்கப்படுவோர் வீதியில் மறித்து வாகனத்தை எடுத்துச் சென்ற பின், நிலுவையுடன் தாமத வட்டி, எடுத்துச் சென்ற கூலி, களஞ்சிய வாடகை, மதிப்பீட்டுக் கட்டணம் எனப் பட்டியல் நீளும். அந்தப் பட்டியலை எழுத்தில் கேட்டுப் பெறும் துணிவு கூட எமது மக்களில் பலருக்கு இருப்பதில்லை. மத்திய வங்கி 2023இல் வெளியிட்ட நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் கட்டணங்களை வெளிப்படையாக அறிவிக்க வேண்டிய பொறுப்பை நிதி நிறுவனங்கள் மீது சுமத்தியுள்ளன. மத்திய வங்கிக்கு எழுத்து மூலம் முறையிடவும் இயலும்.

வன வழக்கொன்றில் லீசிங் லொறி ஒன்று இறுதியில் பறிமுதலாகி ஏலத்தில் விடப்பட்டால் என்ன நிகழும்? ஏலப் பணம் அரசாங்கத்துக்குச் செல்கின்றது. ஆனால் லீசிங் ஒப்பந்தம் அத்துடன் முடிவதில்லை. மீதித் தவணைகளுக்காகக் கம்பனி வாடிக்கையாளர் மீதும், ஒப்பந்தத்தில் பிணையாளராகக் கையொப்பமிட்ட இருவர் மீதும் வழக்குத் தொடர முடியும். அந்தப் பிணையாளர்கள் அநேகமாக அதே ஊரின் ஓர் ஆசிரியராகவோ, தபால் ஊழியராகவோ, பக்கத்துக் கடைக்காரராகவோ இருப்பார்கள். லொறி எந்த மரத்தை ஏற்றியது என்பது கூட அவர்களுக்குத் தெரிந்திராது.